தண்டவாளத்தின் மேல் நின்ற வண்டி

பானெட்டைத் திறந்து நிறுத்திவிட்டு மெக்கானிக் ஜெயசிங் அண்ணன் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். என்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. அது நன்றாக ஓடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஷெட்டுக்கு வருகிறவர்கள் யாரும் தங்கள் வண்டியில் பெரிய கோளாறாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ கழற்றிப் போட்ட பஸ் சீட்டில், ஸ்பிரிங் தொடையில் குத்த. எதிரே வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு என் வீட்டுக்காரர் இருக்கிறார், சங்கரவேல். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், குடிக்கவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது. அந்தக் கைகளைத்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டி ரயில்வே கேட்டுக்குள் தண்டவாளத்தின் மேல் நின்றபோது, பின்சீட்டில் எங்கள் மகள் தாரணி உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கைகள் என்ன செய்தன? பல் டாக்டரிடம் காட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். "வண்டி நின்னுடுச்சு கோதை" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நின்றது என்றால் தானாக நின்றதா? நிறுத்தாமல் நிற்குமா? போன வாரம்கூட நான் சத்திரப்பட்டிக்கு ஓட்டிப் போய் வந்தேனே, எனக்கு நிற்கவில்லையே. ஒரு சின்னக் குலுக்கல்கூட இருந்ததாக ஞாபகம் இல்லை. இருந்ததோ? சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்கியதோ? இருந்தது என்று இப்போது நானே கற்பித்துக்கொள்கிறேனோ? வேண்டியது கிடைக்கவில்லை என்றால் மனசு அதைச் செய்து வைத்துக்கொள்ளும், என் மனசை எனக்குத் தெரியும்.

கேட் வேலை பார்க்கிற அந்தப் பொம்பளை சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நானே தேடிப் போய்க் கேட்டேன். நன்றி சொல்ல வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். பழத்தை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, பச்சைக் கொடியை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் கத்துறேன், விசில் ஊதுறேன், அவரு திரும்பிக்கூடப் பாக்கல. வண்டி நின்னா ஜனங்க சாவியப் போட்டுத் திருகு திருகுன்னு திருகுவாங்கல்ல? அதுகூடப் பண்ணல. கம்முனு உக்காந்திருந்தாரு. காய்கறி வண்டிக்காரங்க நாலஞ்சு பேரு ஓடியாந்து தள்ளினாங்க. அவருக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?" உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன். பதற்றத்தில் கை ஓடாது, அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானே அவளுக்குச் சமாதானம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை, அவள் கண்ணில் தெரிந்தது. திரும்பி வரும்போது அந்தத் தண்டவாளத்தைத் தாண்ட முடியாமல் ரொம்ப நேரம் ஓரமாக நின்றேன். வெயிலில் பளபளவென்று கிடந்தது. தாரணியிடம் கேட்கக் கூடாது என்று நினைத்து, சாப்பாடு ஊட்டுகிற சாக்கில் கேட்டுவிட்டேன். "அப்பா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்கம்மா, நான் அப்பா அப்பான்னேன், அவங்களுக்குக் கேக்கல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு அப்பளம் கேட்டது. அன்றைக்கே அதை என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். லீவுதானே, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பிள்ளையை எதற்கு அனுப்புகிறாய் என்று ஒரு அப்பன் கேட்க மாட்டானா? தெரிந்துதான் கேட்கவில்லையா?

ஆடி மாதத்திலிருந்தே இப்படி இருக்கிறார். நாள் குறித்துச் சொல்ல முடியாது, ஒரே நாளில் வந்ததில்லை. மில்லில் சூப்பர்வைசர் வேலை, போகிறார், வருகிறார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்கவில்லை என்றால் கேட்பதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் எங்கேயும் போகாமல் அப்படியே இருக்கிறார். முன்பெல்லாம் டிவியில் கிரிக்கெட் ஓடினால் தெருவுக்கே கேட்கக் கத்துவார். இப்போது ஸ்கோர் கேட்டால் பார்த்துக்கொண்டிருந்தவருக்கே தெரியவில்லை. என்னங்க, ஏதாவது பிரச்சினையா, வேலையில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அசதியா இருக்கு". முதலில் நான் வேறு மாதிரி சந்தேகப்பட்டேன். வேறு பொம்பளையாக இருக்குமோ என்று சட்டையை மோந்து பார்த்தேன், போனை நோண்டினேன். அதில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று இப்போது தோன்றுகிறது. அழுது, சண்டை போட்டு, அவளைத் தெருவுக்கு இழுத்து வந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். பேண்டேஜ் துணி கம்பெனியில் எனக்குக் குறை பார்க்கிற வேலை. விளக்குப் பலகை மேல் துணி ஓடும், அறுந்த இழை, முடிச்சு, கறை எல்லாம் கண்ணில் பட வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் கண் அப்படியேதான் மேய்கிறது. அவர் சவரம் செய்த நாள், செய்யாத நாள், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்காத நேரம், எல்லாம் பார்த்தேன். இத்தனையும் பார்த்தவள் ஞாயிற்றுக்கிழமை சாவியை அவர் கையில் ஏன் கொடுத்தேன், பிள்ளையை ஏன் பின்னால் ஏற்றினேன்? வேண்டாம், அந்தப் பக்கம் போகக் கூடாது.

"தங்கச்சி, பேட்டரி ஒயரு கழத்தி மாட்டினீங்களா?" ஜெயசிங் அண்ணன் கையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு கேட்கிறார். வண்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு ஒயர் தொங்குகிறது. நான் கழற்றவில்லை என்று சொல்ல வாயெடுக்கும் முன்னால் மரத்தடியிலிருந்து இவர் குரல். "நான்தான். அன்னிக்கு ராத்திரி கழட்டினேன், இன்னிக்குக் காலையில மாட்டினேன்." அண்ணன் உதட்டைப் பிதுக்குகிறார். "அப்ப பழைய பதிவு பூராம் அழிஞ்சிருக்கும்டா சங்கரா. என்ஜின் எங்க மிஸ் ஆச்சுன்னு இதுல கெடந்திருக்கும், சுத்தமா இருக்கு பாரு." அழித்தாரா? எதற்காக ராத்திரியில் போய் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும்? பதிவு இருந்தால் கோளாறு இருக்கிறது என்று தெரியும், இல்லையென்றால் இல்லை என்றும் தெரிந்துவிடும் என்றுதானே? இவருக்கு அவ்வளவு விவரம் உண்டா? பல்ப் மாட்டுவதற்கே ஆள் கூப்பிடுகிறவர். ஆனால் போனில் தேடிப் பார்த்திருக்கலாமே. "நீ நேத்து போன்ல சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடுங்குகிறார். நேற்றா? நேற்று இவர் போன் செய்தாரா? ஷெட்டுக்குப் போகலாம் என்று நான்தானே இன்று காலையில் சொன்னேன். எனக்கு முன்னால் இவர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஸ்கூலில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள், அண்ணன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் இவர்தான். வண்டியில் ஏதோ இருக்கிறது என்று என் பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கேட்டிருப்பாரா? அண்ணனும் சரி என்றிருப்பாரா? இனிமேல் அண்ணன் எதைக் காட்டி இதுதான் கோளாறு என்றாலும் நான் எப்படி நம்புவது? பழைய பாகம் ஒன்றை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினால் எனக்குத் தெரியவா போகிறது?

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்கிறார் அண்ணன் முதலில். கொஞ்சம் பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்க்கிறார், தண்ணீர் இல்லை. அடுத்து, பிளக்காக இருக்கும் என்கிறார். மூன்று பிளக்கையும் கழற்றித் துணியில் துடைக்கிறார், மூன்றும் நன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் சீட்டின் நுனிக்கு வந்துவிடுகிறேன். பொய் சொல்லுகிற ஆள் முதல் தடவையே சொல்லிவிட மாட்டானா, இப்படித் தப்புத் தப்பாக ஊகிப்பானா? இல்லை, இப்படி ஊகித்துக் காட்டுவதும் நம்ப வைக்கத்தானா? எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. பிளக்கை எல்லாம் மாட்டிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார், சீராக ஓடுகிறது, பூனை உறுமுவது மாதிரி. "இப்ப நல்லாத்தான ஓடுது? சும்மா ஏதோ ஒரு நேரம் நின்னிருக்கும் தங்கச்சி" என்று அண்ணன் கையைத் துடைத்துக்கொள்கிறார். நான் இவரைப் பார்க்கிறேன். இவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கிறார், பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவன் மாதிரி. அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. பயமா? எதற்குப் பயம்? மாட்டிக்கொள்வோம் என்றா?

"ஓட்டிப் பாக்கலாம்ணே. நான் ஓட்டுறேன்" என்று எழுந்துவிட்டேன். அண்ணன் தானே ஓட்டுவதாகச் சொன்னார், நான் சாவியை விடவில்லை. அவர் ஓட்டினால் காலை எப்படி வைத்தார், கையை எப்படி வைத்தார் என்று எனக்குத் தெரியாது, என் கால் என்றால் எனக்குத் தெரியும். இவர் ஷெட்டிலேயே இருக்கட்டும் என்றேன், இருந்தார். தனியாக விட்டுவிட்டு வந்தோமே என்று தெருமுனையில் பிரேக்கைத் தொட்டேன். ஷெட்டில் வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை. அய்யனார் கோவில் போகிற ரோட்டில் விட்டேன். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, எதிரே மலை. மதிய வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த அண்ணன் ஏசியைப் போடச் சொன்னார், போட்டேன். வண்டி குழந்தை மாதிரி போகிறது. "சூடு ஏறட்டும், இன்னும் கொஞ்ச தூரம் போ" என்கிறார். போகிறேன். ஒன்றும் இல்லை. மாமரம், மாமரம், ஒரு டிராக்டர், மாமரம். வண்டியில் ஒன்றும் இல்லை, அப்படியென்றால் நிறுத்தியது அவர்தான், பிள்ளையை வைத்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறார், நான் அந்த ஆளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன், காலையில் அந்த ஆளுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது? அவருடைய அம்மாவிடம்? போலீஸில் சொல்ல வேண்டுமா? இல்லை, அந்த ஆள் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர், அந்த மனுஷன் எப்படி, எப்படி என்று கண் மங்கி, ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

வண்டி வெட்டியது. ஒரு தடவை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டது மாதிரி. மறுபடி இரண்டு வெட்டு, ஸ்டியரிங் தடதடவென்று நடுங்கியது, இழுவை செத்துப்போய் வண்டி தவழ்ந்தது, முன்னால் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. "ஆங், இந்தா வந்துருச்சு, காலை எடுக்காத, எடுக்காத" என்று அண்ணன் கத்துகிறார். நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரிக்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீராக ஊற்றுகிறது, வண்டி குலுங்கிக் குலுங்கி நடுரோட்டில் நின்றேவிட்டது. பின்னால் வந்த பால்வண்டிக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். "என்ன தங்கச்சி, வண்டி கெட்டுப்போச்சுன்னு சிரிக்கிற மொத ஆளு நீதான்" என்றார் அண்ணன். சாவியைத் திருகினேன், தட்டுத்தடுமாறிப் பிடித்தது. நின்றது, தானாகத்தான் நின்றது, என் காலுக்குக் கீழேயே நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் குலுக்கலை உடம்பு முழுக்க வாங்கிக்கொண்டு வந்தேன். போதாது போதாது, இன்னும் குலுங்கு என்று மனசுக்குள் சொன்னேன்.

ஷெட்டில் என்ஜினை அணைக்காமலே அண்ணன் பானெட்டைத் திறந்தார். "இங்க வா, நீயே பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். என் முகத்தில் என்ன படித்தாரோ. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் கறுப்பாக ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் பிளக்குக்குக் கரண்டு கொடுக்கும் என்றார். முதல் காயிலின் ஒயரைப் பிடுங்கினார், ஓடிக்கொண்டிருந்த என்ஜின் அப்படியே சாகப் பார்த்தது, உடனே மாட்டினார். "இது உயிரோட இருக்கு." மூன்றாவதைப் பிடுங்கினார், என்ஜினில் ஒரு மாற்றமும் இல்லை, முன்பு எப்படி நொண்டியதோ அப்படியேதான் நொண்டியது. "பிடுங்கினாலும் ஒண்ணுதான், மாட்டினாலும் ஒண்ணுதான். அப்ப இது வேலையே செய்யல." என்ஜினை அணைத்து முதல் காயிலை மூன்றாவது இடத்திலும், மூன்றாவதை முதல் இடத்திலும் மாற்றி வைத்தார். மறுபடி ஓட விட்டுப் பிடுங்கினார். இப்போது மூன்றாவது இடம் உயிரோடு இருக்கிறது, முதல் இடம் செத்துக் கிடக்கிறது. குற்றம் காயிலோடேயே இடம் மாறிவிட்டது. என் கண்ணெதிரே, மேஜைக்கடியிலிருந்து எதையும் எடுக்காமல். நடுவில் இருந்ததையும் தொட்டுப் பார்த்தார், அது பிடித்துப் பிடித்து விட்டது. ஒரு சாக்கைப் போர்த்தி உள்ளே இருட்டாக்கி, தலையை விட்டுப் பார்க்கச் சொன்னார். பெட்ரோல் வாசனை, முகத்தில் சூடு. காயிலின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல், அதிலிருந்து நீலமாக ஒரு சின்ன மின்னல் பக்கத்து இரும்பில் தாவிக்கொண்டே இருந்தது, டிக் டிக் டிக். "சூடானா விரிசல் விரியும், கரண்டு பிளக்குக்குப் போகாம வெளிய ஓடிடும். மூணுல ரெண்டு இப்படிப் போனா, கேட்டுக்குள்ள மெதுவா ஏறுறப்ப வண்டி நிக்காம என்ன செய்யும்?" என்றார். சாக்குக்குள் தலையை வைத்துக்கொண்டு அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் உடனே அடுத்தது வந்து நிற்கிறது. வண்டி தானாக நின்றது, சரி. நின்ற பிறகு? சாவியை ஏன் திருகவில்லை? கதவை ஏன் திறக்கவில்லை? பிள்ளை கூப்பிட்டதே. காயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சாக்கை விலக்கி நிமிர்ந்தால் இவர் பக்கத்தில் நிற்கிறார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. "காயிலா ஜெயசிங்? நெசமாவே காயிலா?" என்கிறார். அண்ணன் அவர் தோளில் தட்டி, "நேத்து ராத்திரி கூப்பிட்டு, வண்டி நெசமாவே தானா நின்னிருக்குமா, நல்லாப் பாத்துச் சொல்லு, எனக்காகப் பொய் சொல்லிராதன்னு நூறு தடவை கேட்டியேடா. இப்ப சொல்றேன், தானாத்தான் நின்னுச்சு" என்றார். சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தவர், புதுக் காயில் வாங்கிவரக் கடைக்குப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொய் சொல்லச் சொல்லவில்லை, பொய் சொல்லாதே என்றுதான் சொல்லியிருக்கிறார். அவரும் என்னைப் போலவே தெரிந்துகொள்ளத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார், அந்த ஸ்டூலில், அந்த ஆறிப்போன டீயோடு. "உங்களுக்கே தெரியலையா?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியல கோதை. நின்னுச்சா, நான் காலை எடுத்துட்டனான்னு எனக்கே தெரியல. அதனாலதான் ஒயரைக் கழட்டிப் போட்டேன். மறுபடி நான் வண்டிய எடுத்துரக் கூடாதுன்னு." நான் கேட்டேன். கேட்காமல் இனி ஒரு நிமிஷமும் இருக்க முடியாது. "நின்னதுக்கப்புறம் ஏன் இறங்கல?"

யாரோ டயரைக் கழற்றுகிற சத்தம், ரோட்டில் கரும்புச்சாறு மிஷினின் மணி. பொய் சொல்லப் போகிறார், பதற்றம் என்று சொல்லப் போகிறார், சொன்னால் நம்பிவிடலாம், நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாதம் வைக்கலாம், நம்ப முடியாது, ஆயுசுக்கும் அவர் கையையே பார்த்துக்கொண்டு இருப்பேன். "இறங்கணும்னு தோணல" என்றார். "நின்னதும் எனக்கு ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. அப்பாடா, இனிமே ஒண்ணும் செய்ய வேண்டியதில்லன்னு. பாப்பா பின்னாடி இருக்குங்கறதே எனக்கு ஞாபகத்துல இல்ல. தள்ளினவங்க கதவைத் திறந்து அவள வெளிய தூக்கினப்பதான் பாத்தேன். இவ எப்ப வண்டியில ஏறினான்னு இருந்துச்சு." அவர் அழவில்லை. நான் அழவில்லை. இதுதான் நான் பயந்தது, இதைவிடவும் மோசம், ஆனால் அவர் வாயால் சொல்லிவிட்டார். இத்தனை மாதமாக ஒவ்வொரு இழையாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தேனே, அது கைக்கு வந்துவிட்டது. பயம் கல் மாதிரி உள்ளே இறங்கி உட்கார்ந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. தாடி வளர்ந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, எவ்வளவு இளைத்துவிட்டார். "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" "எப்படிச் சொல்றது? சொன்னா நீ தாரணியைக் கூட்டிட்டுப் போயிருவ." "கூட்டிட்டுப் போய் விட்டுட்டுத்தான வந்தேன்" என்றேன். "தெரியும். நல்லதுதான் செஞ்ச" என்றார்.

அண்ணன் வந்து மூன்று காயிலையும் புதிதாக மாட்டினார். நன்றாக இருந்த ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதுவும் இதே வயசுதான், நம்ப முடியாது என்றார். ஸ்டார்ட் செய்தார். ஏசியைப் போட்டு, சூடேற விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். என்ஜினில் நொண்டல் இல்லை, ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை. "இனிமே நிக்காது" என்று பானெட்டை மூடினார். நான் ஓட்டுகிற பக்கம் ஏறினேன். இவர் வெளியே நின்று, முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று தெரியாதவர் மாதிரி இரண்டு கதவையும் பார்த்தார். முன்கதவைத் தள்ளித் திறந்துவிட்டேன். மதுரையில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைப் பற்றி எங்கள் கம்பெனியில் ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். அவள் தம்பி இப்படித்தான் இருந்தானாம், இப்போது வேலைக்குப் போகிறானாம். கேட்ட அன்றைக்கு, நமக்கெதற்கு அதெல்லாம் என்று நினைத்துக்கொண்டேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் வீட்டுப் பக்கம் திருப்பாமல் வலது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டேன். "எங்க போறோம்?" என்றார். "மதுரைக்கு. டாக்டர்ட்ட." "இன்னிக்கேவா?" "இன்னிக்கேதான். எங்கிட்ட சொன்னதை அப்படியே அங்கேயும் சொல்லணும். ஒண்ணையும் விடக் கூடாது." லாரி ஒன்று போக வழி விட்டு நின்றேன். வேண்டாம் என்பார், நாளைக்குப் பார்க்கலாம் என்பார், கதவைத் திறந்து இறங்கிவிடுவாரோ என்று என் கண் ஓரமாக அவர் கைக்குப் போனது. அந்தக் கை மெதுவாகத் தோளுக்கு மேலே போய், பெல்ட்டைப் பிடித்து மார்புக்குக் குறுக்கே இழுத்து, தடுமாறி, இரண்டாவது தடவையில் மாட்டிக்கொண்டது.